மணலாகிய அரிசி

கன்னியாகுமரியில் அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்கு, சிப்பி, பாசிமாலை ஆகியவற்றோடு மணலையும் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. வெண்மை, கருமை, சிவப்பு, பழுப்பு மஞ்சள் என்று நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். வடக்கிலிருந்து வந்த யாத்திரிகர்கள் கங்கைச் செம்பை எடுத்துப் போவது போல அதைப் பத்திரமாக எடுத்துச் செல்வார்கள். பொட்டலத்தோடு ஒரு கதையும் இலவசமாகக் கிடைக்கும்.

கதை நாம் அனைவரும் அறிந்ததே. குமரித்துறையில் தவமிருந்த கன்னிக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் திருமணம் நிச்சயமாகிறது. நள்ளிரவு முகூர்த்தம். கன்னியாக இருப்பவளால்தான் பாணாசுரன் மடிவான் என்பதனால் இத்திருமணம் நடக்கக் கூடாது என்று தேவர்கள் கவலைப்படுகிறார்கள். நாரதர் சேவலாகிக் கூவுகிறார். விடிந்துவிட்டதென்று எண்ணிய மாப்பிள்ளை பாதிவழியில் திரும்பிவிடுகிறார். அந்த இடம் வழுக்கம்பாறை என்று எங்கள் பக்கத்து முதியவர்கள் சொல்வார்கள். சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பேருந்து இன்றும் அங்கே நின்றுதான் போகிறது. காத்திருந்து ஏமாந்த அம்மன், மணவிருந்துக்குக் குவித்து வைத்திருந்த அரிசியையும் பருப்பையும் மஞ்சளையும் குங்குமத்தையும் கடற்கரையில் வீசி எறிகிறாள். அவையே பல நிற மணலாயின.

இக்கதையைப் பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டதால் அதை யார் சொல்லியிருப்பார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. கடற்கரை மணலைப் பார்த்து, அது வீணாய்ப் போன அரிசி என்று யாருக்குத் தோன்றும்? நெல் விளைவித்தவனுக்குத்தான் தோன்றும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு தாலுகாக்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. பழையாற்றுப் பாசனமும் குளங்களும் பூ மாற்றி இருபோகம் விளையும் வயல்களுமாக வாழ்ந்த ஒரு சமூகம், தன் வயல் முடிந்த இடத்தில் தொடங்கும் மணற்பரப்பை விளையாத நிலமாக, சமைக்காமற்போன விருந்தாகப் பார்த்திருக்கிறது. கரையில் வாழ்ந்த பரதவரும் முக்குவரும் இக்கதையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மணல் வீணான பொருள் அன்று. கட்டுமரத்தை ஏற்றி வைப்பதும், மடியை உலர்த்துவதும், நெத்தோலியைக் காயப் போடுவதும், மாலையில் பந்து விளையாடுவதும், பெண் பேசி முடிப்பதும் அந்த மணலில்தான்.

ஒரே மணலை ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்த கதையே குமரிக்கரையின் கடந்த நூறாண்டு வரலாறு என்று சொல்லத் துணிவோம். அதற்கு முந்தைய வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பயணக் குறிப்பு' குமரியை ஒரு துறையாகவும், துறவு பூண்டோர் நீராடும் இடமாகவும், ஒரு பெண்தெய்வம் நீராடிய தலமாகவும் குறிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் கடந்த மார்க்கோ போலோ, சாவகத்தில் கண்ணுக்கு மறைந்துபோன துருவ நட்சத்திரம் குமரிக்கு அருகே கடலில் சிறிது தூரம் சென்றால் மீண்டும் தென்படுகிறது என்று எழுதினார். 1544-இல் சவேரியார் இக்கரையின் முக்குவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்றார். தோற்ற தளபதி டிலனாய் வென்றவருக்கே படைத்தலைவராகி, வட்டக்கோட்டையைக் கட்டி, உதயகிரிக் கோட்டையில் கல்லறை கொண்டார். இவற்றில் எதிலும் மணல் இல்லை. இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை.

மணல் எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இம்மாவட்டத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. மேற்கு மலைத்தொடரின் தென்கோடியிலுள்ள மிகப் பழமையான பாறைகள் மழையிலும் வெயிலிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. உதிர்ந்ததைப் பழையாறு மணக்குடிக்கும், வள்ளியாறு கடியப்பட்டினத்துக்கும், குழித்துறை ஆறு தேங்காய்ப்பட்டினத்துக்கும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதன்பின் வேலை கடலுடையது. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றில் எழும் பேரலைகள் கரையை அறுத்து மணலை உள்ளே இழுக்கின்றன. காற்று தணிந்ததும் மெல்லத் திருப்பித் தருகின்றன. அப்படித் தரும்போது ஒரு சலிப்பு நடக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி புடைக்கும்போது உமி முன்னால் பறக்க, கல் பின்னால் தங்குவதைப் போல, எடை குறைந்த வெண்மணலை அலை அடித்துப் போக, கனத்த மணிகள் கரையோரம் வரிவரியாகத் தங்கிவிடுகின்றன. கருநிறம் இல்மனைட், அதில் இரும்பும் டைட்டானியமும் உண்டு. சிவப்பு கார்னெட். தேன் நிறத்தில் மிகக் குறைவாகக் கலந்திருப்பது மோனசைட். சிர்க்கானும் ரூட்டைலும் சில்லிமனைட்டும் உடன் இருக்கின்றன. அம்மன் வீசிய பல பண்டங்கள் என்று கதை சொன்னதில் பிழையில்லை. வகை பிரித்துக் கணக்கெடுத்தால் பண்டங்களின் எண்ணிக்கைகூட ஏறக்குறையச் சரியாகவே வரும்.

முறத்தில் மிஞ்சிய இந்தக் கல் அதிகமாகச் சேர்ந்த இடம் கன்னியாகுமரி அன்று. அங்கிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டர் அளவில், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே இருக்கும் மணவாளக்குறிச்சி. நாஞ்சில் நாட்டின் எல்லைக்கு அப்பால், கல்குளம் தாலுகாவில் உள்ளது. மணவாளன் வராமற்போன கதையின் மணல் மணவாளக்குறிச்சியில் குவிந்திருப்பதைத் தற்செயல் என்றுதான் கொள்ளவேண்டும். ஊர்ப் பெயர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற பழக்கம் நமக்கு இல்லை.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இம்மணலைக் கண்டார். கண்டது கடற்கரையில் அன்று, கயிற்றில். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கயிறு ஏராளமாகச் சென்ற காலம் அது. தென்னங்கதம்பையைக் காயலிலும் கால்வாயிலும் ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்து, கடற்கரை மணலிலேயே நீளமாக விரித்துக் கயிறு திரிப்பது இக்கரையின் தொழில். திரித்த கயிற்றின் புரிகளுக்குள் மணல் புகாமல் இருக்குமா? அந்த ஒட்டுமணலை ஆராய்ந்தவர் அதில் மோனசைட் இருக்கக் கண்டார். கயிறு வந்த வழியைப் பின்தொடர்ந்து மணவாளக்குறிச்சியை அடைந்தார். ஓராண்டு ஈராண்டுக்குள் அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்துவிட்டது. நாரடித்த பெண்கள் உதறிவிட்டுப் போன தூசி, கயிற்றைக் காட்டிலும் பல மடங்கு விலை பெற்றது.

மோனசைட்டுக்கு அன்று அத்தனை தேவை எதற்காக? வெளிச்சத்துக்காக. ஆஸ்திரியாவைச் சேர்ந்த அவர் ஃபான் வெல்ஸ்பாக் என்பவர், தோரியமும் சிறிதளவு சீரியமும் கலந்த கரைசலில் ஊறவைத்த நூல்வலையை எரிவாயுச் சுடரின்மேல் பொருத்தினால் அது வெண்ணிறமாக ஒளிரும் என்பதை 1891 அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் அந்த வலைப்பைகளால் எரிந்தன. அதற்கான தோரியம் முதலில் அமெரிக்காவின் கரோலினாவிலிருந்தும் பிரேசில் கடற்கரையிலிருந்தும் சென்றது. மணவாளக்குறிச்சி மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு தோரியம் ஆக்சைடு இருந்தது; பிரேசில் மணலைவிட இது வளமானது. விளக்குத் தொழிலின் பார்வை இப்பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

எங்கள் தலைமுறையினர் இந்த வலைப்பையைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள். கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு மேடையின் இருபுறமும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரைந்துகொண்டிருக்கும். அந்த விளக்கும் பெர்லினில் பிறந்ததுதான். சுடர் பட்டதும் சாம்பலாகி, சாம்பலாகியும் உருக்குலையாமல், நிலவு போல எரியும் அந்த மேன்டிலைத் தொட்டால் பொடிந்துவிடும் என்று பிள்ளைகளை அதட்டி விலக்குவார்கள். பத்துப் பதினைந்து கல் தொலைவிலுள்ள கடற்கரையின் மணல், கடல் கடந்து போய், உப்பாகி, நூலில் ஏறி, முத்தாரம்மன் கோயில் முற்றத்துக்குத் திரும்பி வந்திருக்கக்கூடும். அதை அறிந்து பாடிய புலவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியரான ஷோம்பெர்க் கைது செய்யப்பட்டார். மணல் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. டிலனாய்க்குக் கிடைத்த கல்லறையும் பாடநூல் பத்தியும் ஷோம்பெர்குக்குக் கிடைக்கவில்லை. இருவரில் இக்கரையை அதிகம் மாற்றியவர் யார் என்று கேட்டால் நாம் இரண்டாமவரையே சொல்வோம்.

மின்விளக்கு பரவியதும் மேன்டிலின் மதிப்பு இறங்கியது. ஆனால் அதே வேளையில் கருமணலுக்கு, அதாவது இல்மனைட்டுக்கு, மதிப்பு ஏறியது. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் ஆக்சைடு ஈயம் கலக்காத வெள்ளைச் சாயத்துக்கு மூலப்பொருளாகியது. முப்பதுகளில் உலகச் சந்தைக்கு வந்த இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூருடையது. கரிய மணல் சென்று மேல்நாட்டு வீடுகளின் சுவர்களை வெளுத்தது. இக்கட்டத்தில் வேகமாகவே கடந்துவிடலாம், ஏனெனில் அடுத்தது இன்னும் விசித்திரமானது.

1945-இல் ஹிரோஷிமாவுக்குப் பிறகு தோரியம் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. விளக்குத் திரிக்கு உதவியது, இனி அணுவுலைக்கு எரிபொருளாகலாம். 1946-இல் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அப்போது திருவிதாங்கூரின் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர். பிரிட்டிஷ் அரசோடு தனியே மோனசைட் உடன்பாடு செய்துகொண்ட அவர், 1947 ஜூன் 11 அன்று, பிரிட்டிஷார் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். சி.பி.யின் துணிச்சலுக்குப் பின்னால் படையோ பணமோ மட்டுமன்றி இந்த மணலும் இருந்தது என்பது இத்துறையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சிலரின் கருத்து. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் வெட்டப்பட்டுக் காயமடைந்ததும் அக்கனவு கலைந்தது. திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது, மணலும் இணைந்தது.

நான்காண்டுகளுக்குப் பின், அம்மனின் கதையை வாஷிங்டனில் யாரோ தலைகீழாக எழுதிப் பார்த்தார்கள். 1950-51-இல் இந்தியா கடும் உணவுத் தட்டுப்பாட்டில் இருந்தது. அமெரிக்காவிடம் இருபது லட்சம் டன் தானியம் கேட்டது. அமெரிக்கக் காங்கிரசில் சிலர், கோதுமைக்கு ஈடாக இந்தியா மோனசைட் தரவேண்டும் என்றனர். விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. இங்கே மக்கள் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பசித்த நாடு ஒன்று மணலைக் கொடுத்துக் கோதுமை வாங்கலாம் என்பது அவர்களுக்கு நியாயமான பேரமாகவே தோன்றியிருக்கும். நேரு இணங்கவில்லை. அணுசக்திக்குரிய பொருளை உணவுக்குப் பணயமாக வைக்க முடியாது என்பது அவரது நிலை. இறுதியில் 1951 ஜூனில் 19 கோடி டாலர் கடனாக அச்சட்டம் நிறைவேறியது, மோனசைட் கட்டாயமாக்கப்படவில்லை.

அரிசி மணலான கரையில் மணல் கோதுமையாகாமல் நின்ற கதை இது. நேருவின் முடிவை நாம் குறைகூற வரவில்லை. அன்றைய நிலையில் அதைவிடத் தன்மானமுள்ள முடிவு இருந்திருக்க முடியாது. ஆனால் திவானும் வழங்கல் துறையும் காங்கிரசும் பிரதமரும் பேரம் பேசிய அந்த ஆண்டுகளில், மணவாளக்குறிச்சியிலும் கடியப்பட்டினத்திலும் அந்த மணலின்மேல் படுத்துறங்கியவர்களுக்கு இதைப்பற்றி எவரும் ஒரு வார்த்தை சொன்னதாக எங்கும் பதிவில்லை.

1950-இல் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்திய அருமணல் நிறுவனத்தைத் தொடங்கின. 1952 டிசம்பரில் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை நேரு திறந்துவைத்தார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து குமரி மாவட்டமாயின. நேசமணியின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் கதை வேறு. மணலைப் பொறுத்தவரை நேர்ந்தது இதுதான்: மோனசைட் கிடக்கும் மணவாளக்குறிச்சி தமிழகத்துக்கு வந்தது, அதை வேதிப்பொருளாக மாற்றும் ஆலுவாய் கேரளத்தில் நின்றது. 1963-இல் நிறுவனம் முழுவதும் மத்திய அரசுக்குச் சொந்தமாகி அணுசக்தித் துறையின் கீழ் வந்தபின் மணவாளக்குறிச்சி ஆலையையும் அது எடுத்துக்கொண்டது.

இதே ஆண்டுகளில்தான் கிழக்கே கன்னியாகுமரி சுற்றுலா நகரமாக வளர்ந்தது. 1925-இல் காந்தி வந்தபோது அது ஒரு கோயிலும் ஒரு மீனவக் குடியிருப்பும் சில விடுதிகளும் மட்டுமே. கடல் கடந்து இங்கிலாந்து சென்று வந்தவர் என்பதால் அவரைக் கோயிலின் உட்பகுதிக்கு விடவில்லை. பிரகாரத்தைச் சுற்றி வந்தார். 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபின், 1937 ஜனவரியில் மீண்டும் வந்தபோது தடை இல்லை. அவரது அஸ்தி 1948 பிப்ரவரியில் இங்கே கரைக்கப்பட்டது. கலசம் வைக்கப்பட்ட இடத்தில் 1956-இல் மண்டபம் எழுந்தது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறையில், ஏக்நாத் ரானடேயின் உழைப்பால் நாடெங்கும் நிதி திரட்டிக் கட்டிய நினைவு மண்டபம் 1970 செப்டம்பர் 2-இல் திறக்கப்பட்டது. 1979-இல் ரயில் வந்தது. 2000 ஜனவரி 1-இல் கணபதி ஸ்தபதி வடித்த 133 அடி வள்ளுவர் அடுத்த பாறையில் நின்றார். 2024 டிசம்பர் இறுதியில் இரு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் வந்தது.

இப்பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். எல்லாம் பாறை. குமரிமுனையில் கால்நீட்டி உட்கார்ந்து கடல் பார்க்க அகன்ற மணற்பரப்பு கிடையாது. மணலில் நடக்க விரும்புவோரைச் சொத்தவிளைக்கும் சங்குத்துறைக்கும்தான் அனுப்பவேண்டும். குமரிமுனையில் மணல் என்பது பொட்டலத்தில் இருப்பது. படகேறிப் பாறைக்குப் போய், புகைப்படம் எடுத்து, சூரியன் மறைந்ததும் ஊர் திரும்பும் பயணிக்கு மேற்குக் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருப்பது தெரிய வாய்ப்பில்லை. முட்டத்தின் செம்பாறைகளை 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் 1981-இல் பாரதிராஜா காட்டினார். அதன்பின் அங்கே கூட்டம் வரத் தொடங்கியது. தேங்காய்ப்பட்டினத்தைத் தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் எழுதினார், கூட்டம் வரவில்லை. நாவலுக்கும் சினிமாவுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வடசேரிக்காரர்களாகிய நாங்களும் பயணிகளைவிட அதிகம் அறிந்தவர்கள் என்று பெருமை பேச இயலாது. கடற்கரைப் பேருந்துகள் புறப்படுவது எங்கள் ஊர் நிலையத்திலிருந்து. கனகமூலம் சந்தையில் ஓலைக்கடவத்தோடு வந்து அமரும் பெண்களிடம் சாளையும் அயிலையும் வாங்கித்தான் எங்கள் அடுப்பு எரிந்திருக்கிறது. கருவாட்டைக் கழுவும்போது கடைசி நீரில் கரிய மணல் அடியில் தங்கும். 'மண்ணா வருதே' என்று அலுத்துக்கொள்வதோடு எங்கள் ஆராய்ச்சி முடிந்துவிடும். நெல்நாட்டார் மணலைப் பார்த்த பார்வை மாறவேயில்லை.

மணல் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதைக் கரையிலிருப்பவர்கள் தம் வாழ்நாளிலேயே பார்த்துவிட்டார்கள். கட்டுமரம் சரிந்து இறங்க மணற்சரிவு வேண்டும். கரைமடி இழுக்க இருபது முப்பது பேர் பின்னோக்கி நடக்க அகலம் வேண்டும். கடல் அரித்த ஊர்களில் அரசு கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பியது. வீடு தப்பியது, கரை போயிற்று. சுவரில் மோதிய அலை அடுத்த ஊரின் மணலை அள்ளியது, அங்கும் கல் கொட்டினார்கள். கட்டுமரமும் கரைமடியும் ஒதுங்கி, துறைமுகம் இன்றித் தொழில் இல்லை என்றாயிற்று. துறைமுகம் கட்டினால் அதன் முகத்துவாரத்தில் மணல் சேர்கிறது. தேங்காய்ப்பட்டினத் துறைமுகத்தின் வாயில் அப்படிச் சேர்ந்த மணல்திட்டில் அலை எழும்பி வள்ளங்கள் கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மணல் இல்லாததாலும் ஓரிடத்தில் இருப்பதாலும் சாவு.

2004 டிசம்பர் 26 காலை குமரிமுனையில் கடல் உள்வாங்கிப் பாறைகளின் அடி தெரிந்ததைப் பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள். பாறையில் சிக்கிய நூற்றுக்கணக்கானவர்கள் பின்னர் மீட்கப்பட்டார்கள். அழிவு மேற்கே நிகழ்ந்தது. மணக்குடிப் பாலம் பெயர்ந்து போயிற்று. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஓடியவர்களைப் பின்புறமிருந்த ஏ.வி.எம். கால்வாய் மறித்தது. திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியால் இணைக்கவென்று 1860-களில் தொடங்கி முடிக்கப்படாமல் விடப்பட்ட அக்கால்வாயில் ஒருகாலத்தில் கதம்பை ஊறியது; அன்று பிணங்கள் மிதந்தன. நீர் வடிந்தபின் பல இடங்களில் கரிய மணல் தடிப்பாகப் படிந்திருந்தது. கடல் தன் அடியிலிருந்ததைச் சலித்துக் கொட்டியிருந்தது.

கடலின் குணத்தை அறிந்தவர்கள் வைத்த சொற்களையும் நாம் இழந்துவருகிறோம். காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென எழுந்து கரையேறும் அலையைக் கள்ளக்கடல் என்பார்கள் இக்கரையோர். ஆறும் ஓடையும் மணல்திட்டை உடைத்துக் கடலில் விழும் இடம் பொழிமுகம். ராஜாக்கமங்கலத்துக்கு அருகே கணபதிபுரத்தில் ஆயிரங்கால் பொழிமுகம் என்றிருந்த கடற்கரை, சுற்றுலா வளர்ந்தபோது லெமூர் கடற்கரை ஆயிற்று. குமரிக்கண்டத்தை நினைத்து யாரோ வைத்த பெயர் போலும். 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில் அங்கே இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐவர் மூழ்கி இறந்தார்கள். பொழிமுகம் என்ற சொல்லில் ஓர் எச்சரிக்கை இருந்தது. லெமூரில் அது இல்லை.

இனி மணலெடுப்பதற்கே வருவோம். அலை ஒதுக்கும் கருமணலைக் கடலோரத்தினரே வாரிச் சேர்த்து ஆலைக்குக் கொடுப்பதும், ஆலையில் வேலை பார்ப்பதும் மணவாளக்குறிச்சிப் பக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே கடற்கரை முழுவதும் ஒரே குரலில் எதிர்த்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. தனியார் கடற்கரை மணல் அகழ்வு தென்மாவட்டங்களில் கட்டுமீறிப் போனபோது, 2013-இல் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. அரசு நிறுவனத்தின் பணி தொடர்ந்தது. கதிரியக்கம் பற்றிய அச்சமும் தொடர்ந்தது. இதே வகை மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதற்குச் சான்றில்லை என்றது. புற்றுநோய் வார்டில் தம் ஊர்க்காரர்களையே எண்ணிப் பழகிய கரையோர மக்கள் அதை ஏற்கவில்லை. கிளறாமல் கிடக்கும் மணலும் தோண்டிக் குவித்த மணலும் ஒன்றா என்பது அவர்கள் கேள்வி. அது படிக்காதவர்களின் கேள்வி அன்று.

அண்மைக் கட்டம் கிள்ளியூர் தாலுகாவில். மிடாலம், கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மோனசைட்டும் பிற கனிமங்களும் எடுக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. 2024 அக்டோபர் 1-இல் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதாக அறிவிப்பு வந்தது. ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பவே கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இதே கரையில் இனயத்தில் 2016-இல் அறிவித்த சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகத்தையும், பின்னர் அது கன்னியாகுமரிக்கு அருகே கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடையே நகர்த்தப்பட்டதையும் எதிர்த்து நிறுத்திய அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

மறுதரப்புக்கும் வாதம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. யுரேனியம் குறைவாகவும் தோரியம் ஏராளமாகவும் உள்ள நாடு இது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் இறுதிக்கட்டம் இந்த மணலை நம்பியது. மின்வண்டியின் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய நியோடிமியம் மோனசைட்டில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின் இந்த வாதத்துக்கு வலு கூடியது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தபடி வாழும் எங்களுக்கு அது புரியாமலில்லை.

2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஆணை பிறப்பித்தது. அதைத் திரும்பப் பெறவேண்டும் என்று தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதினார். கிள்ளியூரின் பெயரும் அக்கடிதத்தில் இருந்தது. திவான் காலத்தில் கேட்கவில்லை, 1951-இல் கேட்கவில்லை, 1963-க்குப் பின்னும் கேட்கவில்லை. சட்டப்படி கேட்டாக வேண்டும் என்ற நிலை வந்து, நாளும் குறித்து, அந்நாள் தள்ளிப்போன பதினொரு மாதங்களில் கேட்கவே வேண்டாம் என்றாகிவிட்டது.

கிள்ளியூரின் அந்த ஊர்களுக்கு வடசேரியிலிருந்து பேருந்து உண்டு. மிடாலத்தில் இறங்கிச் செந்தேரியைக் கடந்து நடந்தால் தென்னைகளுக்கு அப்பால் கடல் தெரியும். கல்சுவர் இல்லாத துண்டுக் கரைகளில் வலை காய்ந்துகொண்டிருக்கும். ஆடி முடிந்த பருவத்தில் போனால், அலை பின்வாங்கிய ஈரத்தில் கறுப்பும் சிவப்புமாக வரிகள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அவற்றினூடே தேன் நிறத்தில் கிடக்கும் மணிகளை வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். அவற்றை எடுப்பதற்கும் வைத்திருப்பதற்கும் அரசின் உரிமம் வேண்டும்.